விருந்தில் பேயை வரைவதா, வேண்டாமா?

பச்சை உடுப்பு அணிந்த ஒரு பெண், இரண்டு கைகளாலும் ஓர் அரச முடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். இன்னும் சூடிக்கொள்ளவில்லை. நீண்ட செம்பட்டைப் பின்னல்கள் கீழே தொங்குகின்றன. கண்கள் எங்கோ குத்திட்டு நிற்கின்றன. ஜோன் சிங்கர் சார்ஜன்ட் 1889இல் வரைந்த இந்த ஓவியம் லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1888 டிசம்பர் கடைசியில் லைசியம் அரங்கில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் மேடையேறியபோது மக்பெத்தின் மனைவியாக நடித்த எலன் டெரிதான் அந்தப் பெண்.

மக்பெத்தை ஒருமுறை வாசித்து முடித்த உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் கொடுத்து, "இது நாடகத்தில எந்த இடம்?" என்று கேட்பேன். வேறொன்றும் சொல்வதில்லை. முடிசூட்டு விழா என்று உடனே பதில் வரும். எந்த அங்கம், எந்தக் காட்சி என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்கள். புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு காட்சி நாடகத்தில் இல்லை. டங்கன் மன்னன் கொல்லப்படுவது மேடைக்கு வெளியே. மக்பெத் முடி சூடுவதும் மேடைக்கு வெளியே. அதற்காக ஸ்கோனுக்குப் போய்விட்டான் என்ற செய்தி மட்டும் நம் காதுக்கு வருகிறது. அவள் தானாகவே முடியை எடுத்துத் தலையில் வைக்கும் இடம் எங்கேயும் கிடையாது.

"மறுகா ஏன் ரீச்சர் இப்பிடி வரைஞ்சவர்?"

இந்தக் கேள்வி வந்தவுடன் எனக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஓவியர் பொய் சொன்னாரா, இல்லை நாடகத்துக்குள் ஒளிந்திருந்த ஒன்றைக் கண்டு வெளியே எடுத்தாரா? பிள்ளைகள் மீண்டும் பிரதிக்குப் போவார்கள். யாராவது ஒருவர் முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைப் பிடித்துவிடுவார். கணவனின் கடிதத்தை வாசித்த கையோடு அவள் முடியைத் தங்க வட்டம் என்று சொல்கிற இடம் அது. அந்த முடிக்கும் அவனுக்கும் நடுவே அவனுடைய குணம் நிற்கிறது என்று அவள் கவலைப்படுகிறாள். சார்ஜன்டின் படத்தில் முடியைத் தூக்கும் கைகள் அவளுடையவை. அவன் படத்திலேயே இல்லை. ஒரு மாணவி எழுதினாள்: "அவள் அவனுக்காக ஆசைப்பட்டதாகத்தான் நாடகத்தில் பேசுகிறாள். ஓவியர் அதை நம்பவில்லை." பரீட்சைக் குறிப்புகளில் 'பேராசை கொண்டவள்' என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகிற ஒரு பாத்திரத்தைப் பற்றி, பதினெட்டு வயதுப் பிள்ளை இப்படி ஒரு வசனம் எழுதியதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிற ஆசிரியை நான். செவ்வியல் நாடகங்களை எங்கள் பிள்ளைகள் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பது எனக்கு நீண்ட காலமாக மனவருத்தம் தருகிற விஷயம். சோபொக்ளிஸ், காளிதாசன், ஷேக்ஸ்பியர் எல்லோரும் ரியூசன் குறிப்பாகத்தான் முதலில் வருகிறார்கள். கதைச் சுருக்கம், பாத்திரப் பண்புகள், கருப்பொருள். கண்ணால் பார்ப்பதற்கென்று எழுதப்பட்ட ஒன்று, ஒரு காட்சியும் கண்ணுக்குள் விழாமல் மனப்பாடமாகிவிடுகிறது. மேடையில் பார்க்க வாய்ப்பும் குறைவு. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் மற்றப் பல ஊர்களைவிட எங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பினை உண்டு. அங்கே நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலையும் ஒரே வளாகத்துக்குள் நடக்கின்றன. பள்ளிக்கூடத்திலோ நாடகப் பாடமும் சித்திரப் பாடமும் ஒன்றையொன்று பார்க்காமலே வளர்கின்றன.

ஓவியத்தை நான் வகுப்புக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் அழகு சேர்ப்பதற்கு இல்லை. நாடகத்தை வரைய உட்காருகிறவர் இரண்டு முடிவுகளை எடுத்தே ஆக வேண்டும். எந்தக் கணத்தை வரைவது? எங்கே நின்று பார்ப்பது? இந்த இரண்டுக்கும் பதில் தேடினால் ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்க வேண்டிவரும். வாசிக்கச் சொல்லி நான் கெஞ்சத் தேவையில்லை. தூரிகையே வாசிக்க வைக்கும்.

எலன் டெரியின் உடுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் மின்னுகிற பச்சை, பட்டோ கண்ணாடியோ இல்லை. பொன்வண்டின் இறக்கைகளைத் துணியில் நெருக்கமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த உடுப்பு இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இதைச் சொன்னவுடன் வாவிக்கு மேற்கே, வயல் ஊர்களான படுவான்கரையிலிருந்து வருகிற பிள்ளைகளின் முகம் மாறும். தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். சரி, ஏன் பொன்வண்டு? இந்தக் கேள்விக்கு விடை விளக்கில் இருக்கிறது. லண்டன் அரங்குகளுக்கு மின்விளக்கு வந்துவிட்ட அந்தக் காலத்திலும் லைசியத்தின் தலைவர் ஹென்றி இர்விங் வாயு விளக்கையே விரும்பினார். அசைகிற, மங்கலான அந்தச் சுவாலையில் பொன்வண்டு இறக்கை ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு நிறம் காட்டும். அப்புறம் பிள்ளைகளிடம் கேட்பேன்: எங்கள் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தில் அரசனுடைய முடியில் ஏன் கண்ணாடித் துண்டும் மினுங்கல் தாளும் ஒட்டுகிறார்கள்? அரசனாக ஆடுகிறவர் அணிகிற கரப்புடுப்பு ஏன் அப்படி மினுங்குகிறது? பந்த வெளிச்சத்தில் விடிய விடிய ஆடிய கூத்து அது. கூத்தர் சுழலும்போது வெளிச்சம் அவரோடு சேர்ந்து சுழல வேண்டும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் ஊரில் முடி செய்தவரும் லண்டனில் பொன்வண்டு தைத்தவரும் ஒரே சிக்கலுக்குத்தான் வழி கண்டிருக்கிறார்கள். இதை ஒரு மாணவன் தானாகச் சொன்னபோது வகுப்பே கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசியது. அவனுடைய பாட்டன் கூத்தில் கட்டியகாரனாக ஆடியவர். வீட்டில் பரணில் கிடந்த பழைய முடியை அடுத்த நாள் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். மரத்தில் செய்து வர்ணம் பூசிய முடி. அதைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு மாணவி, "இவ்வளவு பாரமா?" என்று கேட்டாள். சார்ஜன்டின் படத்தில் அந்தப் பெண்ணின் கைகள் ஏன் அப்படி இறுகியிருக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது என்றாள்.

விளக்கு விஷயத்தில் ஹென்றி ஃபியூஸெலியின் ஒரு படமும் நன்றாக உதவுகிறது. மக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடப்பதை அவர் 1784இல் வரைந்தார். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரதியில் அவள் கையில் இருப்பது ஒரு சிறு மெழுகுதிரி. படுக்கையருகே எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று அவள் கட்டளையிட்டிருப்பதாகத் தோழிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். இருட்டைக் கூவி அழைத்தவள் இப்போது இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்பதுதான் அந்த மெழுகுதிரியின் அர்த்தம். ஃபியூஸெலியோ அவள் கையில் எரிபந்தத்தையே கொடுத்துவிட்டார். அவள் பாய்ந்து வருகிறாள், சுவாலை பின்னால் பறக்கிறது. பார்க்கப் பிரமாதமான படம். ஆனால் எனக்கு மெழுகுதிரிதான் பெரிது. அந்தச் சின்ன வெளிச்சத்தில்தான் அவளுடைய பயம் தெரிகிறது. வகுப்பில் பாதிப் பேர் என்னோடு ஒத்துப்போவதில்லை. கூத்து ஆடுகிற களரிக்குப் பந்தம்தான் சரி, தூரத்தில் இருப்பவருக்கு மெழுகுதிரி தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இனி விருந்துக் காட்சி. மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. என்னுடைய வகுப்பில் ஆக அதிக நேரம் எடுப்பது இதுதான், அதைக் குறைக்கவும் எனக்கு மனமில்லை.

மக்பெத் அரசனாகிவிட்டான். நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியிருக்கிறான். விருந்து தொடங்கும்போது கொலையாளி வாசலில் வந்து, தலையில் 20 வெட்டுக் காயங்களோடு பாங்கோ பள்ளத்தில் கிடக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மக்பெத் திரும்பி வந்து உட்காரப் பார்க்கிறான். இடமில்லை. 1623இல் அச்சான பிரதியின் மேடைக் குறிப்பு, பாங்கோவின் ஆவி வந்து மக்பெத்தின் இருக்கையில் அமர்வதாகச் சொல்கிறது. மேசை நிறைந்திருக்கிறது என்கிறான் மக்பெத். உங்களுக்கென்று இடம் விட்டிருக்கிறதே என்கிறார்கள் பிரபுக்கள். அவனைத் தவிர வேறு யாருக்கும் ஆவி தெரியவில்லை.

ஒரு டிமை தாளும் கரித்துண்டும் கொடுத்து இந்தக் காட்சியை வரையச் சொல்வேன். ஒரேயொரு நிபந்தனை: பேயை வரைவதா, வேண்டாமா என்று முதலில் முடிவெடுத்து, ஏன் என்று தாளின் பின்பக்கம் எழுத வேண்டும்.

வரைகிற தாள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாடகம். ஒருவன் பேயை முழுதாக வரைந்து தலையில் காயங்களை எண்ணிப் போட்டிருந்தான், சரியாக 20. "கொலைகாரன் சொன்ன கணக்கை மக்பெத் கேட்டவன். அதனால அவன் பார்க்கிற பேய்க்கும் அதே கணக்குத்தான் இருக்கும்" என்று பின்பக்கம் எழுதியிருந்தான். பேய் மக்பெத்தின் மனத்துக்குள்ளிருந்து வருகிறது என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவன் காயங்களை எண்ணியே சொல்லிவிட்டான். இன்னொருத்தி வெறும் நாற்காலியை வரைந்தாள். விருந்தினர் எல்லோரும் மக்பெத்தைப் பார்க்கிறார்கள், மக்பெத் மட்டும் நாற்காலியைப் பார்க்கிறான். அவளுடைய படத்தில் நாம் விருந்தினரோடு உட்கார்ந்திருக்கிறோம். அரசனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மட்டும் நமக்குத் தெரிகிறது. மூன்றாவது ஒரு தாள் எல்லோரையும் நிறுத்திவிட்டது. அதில் நாற்காலியின் பக்கமிருந்து காட்சி தெரிகிறது. எதிரே வெளிறிப்போன மக்பெத், நேராக எங்களைப் பார்க்கிறான். பேய் படத்தில் இல்லை. பேய் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் மேடையில் என்னவாகும் என்று கேட்பேன். பேயாக ஒரு நடிகர் வந்து உட்கார்ந்தால் பார்வையாளர் மக்பெத்தின் கண்ணால் பார்க்கிறார்கள். நாற்காலி வெறுமையாக இருந்தால் அவன் மனைவியின் கண்ணால் பார்க்கிறார்கள். நெறியாளர்கள் இன்றுவரை இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். பிள்ளைகள் அந்தச் சிக்கலுக்குள் கரித்துண்டோடு நுழைந்துவிட்டார்கள்.

ஒருமுறை படுவான்கரைப் பையன் ஒருவன் தாளில் ஒரு வட்டம் போட்டான். மேலேயிருந்து பார்ப்பதுபோல. வட்டக்களரி, சுற்றிவரச் சனம், ஓரத்தில் அண்ணாவியாரும் மத்தளமும் பக்கப்பாட்டும். நடுவில் விருந்து. "ரீச்சர், மேசையெல்லாம் ஒரு பக்கம் பார்த்த மேடைக்குத்தான். சுத்திவரச் சனம் இருந்தா பேயை எங்க ஒளிக்கிறது?" அருமையான கேள்வி. படத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. படச்சட்ட மேடைக்கும் அப்படித்தான். களரிக்கு எல்லாப் பக்கமும் முகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டிருப்பார். வட்டமாகச் சுற்றி ஆடியதை ஒரு பக்கம் பார்த்து ஆடவைக்க வேண்டியிருந்தது அவருக்கு. இராவணேசனில் இராவணனாக ஆடிய பேராசிரியர் சி. மௌனகுரு எங்கள் மண்ணின் பிள்ளை. அந்த மாற்றத்தை உடம்பால் அறிந்தவர்.

அந்தப் பையனுக்கு விடை அவனுக்குள்ளேயே இருந்தது. கூத்தில் ஒரு பாத்திரம் வரவுக்கு வரும்போது வெள்ளைத் துணியைப் பிடித்து மறைத்து வருவார்கள், பிறகு துணியை விலக்குவார்கள். அந்தத் துணியைப் பேயோடு களரிக்குள்ளேயே நிறுத்தலாம் என்றான். மக்பெத் பார்க்கும்போது துணி இறங்கும், அவன் பார்வையை எடுத்தால் துணி ஏறும். அந்தக் காட்சியில் ஆவி ஒருமுறை போய் மறுபடியும் வருகிறது என்பதைப் பிரதியில் தேடிக் கண்டுபிடித்து, துணி எந்த எந்த வரியில் ஏறி இறங்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தான். அவன் வரைந்தது படமாக அழகில்லை. வட்டமும் கோடும் அம்புக்குறியும்தான். ஆனால் அந்த வகுப்பில் ஷேக்ஸ்பியரை ஆகக் கவனமாக வாசித்தவன் அவன்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காளிதாசனின் சாகுந்தலத்தை எடுக்கும்போது ஓவியத்தை நான் தேடிப் போக வேண்டியதே இல்லை. ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தனே படம் வரைகிறான். அவன் மறந்து கைவிட்ட சகுந்தலையின் நினைவு திரும்பிவிட்டது, சகுந்தலை இல்லை. அவளையும் தோழிகளையும் வரைந்து வைத்துக்கொண்டு தன் வேடிக்கைத் தோழனான விதூஷகனிடம் காட்டுகிறான். படத்தில் முகத்தருகே வரைந்திருக்கும் வண்டை நிஜமென்று நினைத்து அதட்டுகிறான். இது படம் என்று விதூஷகன் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னே, படத்தில் இன்னும் வரைய வேண்டியவை என்று அரசன் ஒரு பட்டியல் சொல்கிறான்: மணல் திட்டில் அன்னச் சோடிகள் இருக்கிற மாலினி ஆறு, இருபக்கமும் மான்கள் படுத்திருக்கிற இமயத்து அடிவாரம், கிளைகளில் மரவுரி தொங்குகிற ஒரு மரம், அதன் கீழே ஆண் மானின் கொம்பில் தன் இடது கண்ணை உரசுகிற ஒரு பெண் மான்.

மறைமலையடிகள் 1907இல் தமிழில் தந்த சாகுந்தல நாடகத்திலிருந்து இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, அரசன் வரையாமல் விட்டதை நீங்கள் வரைந்து முடியுங்கள் என்பேன். கெட்டிக்கார ஓவியர்களும் அந்தக் கடைசி மானில் தடுமாறுவார்கள். கொம்பின் கூர் முனை, கண்ணின் மென்மை. கோடு கொஞ்சம் பிசகினாலும் கண் குத்துப்பட்டுவிடும் போலிருக்கும். ஒரு மாணவி அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அது அசையாம நிக்கும் எண்டு நம்பித்தானே கண்ணைக் குடுக்குது" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவளே தொடர்ந்தாள். "முதல் அங்கத்தில ராசா மானைத் துரத்திக்கொண்டுதான் வாறார். அம்பு எடுத்தவர்."

துஷ்யந்தன் மேடைக்கு வருவதே வேட்டைக்காரனாகத்தான். மானைக் கொல்லாதே என்று ஆசிரமத்தார் தடுக்கிறார்கள். கடைசியில் நம்பிக்கையை வரைய நினைக்கும்போது அவன் கைக்கு வருவதும் மான்தான், கொம்பும் கண்ணும். சகுந்தலை நம்பிக் கொடுத்ததை அவன் என்ன செய்தான் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். காளிதாசன் இதை ஒரு இடத்திலும் விளக்கிச் சொல்லவில்லை. படப் பட்டியலுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டான். வரைந்து பார்த்தவளுக்குத்தான் அகப்பட்டது.

ரவி வர்மாவின் சகுந்தலை படத்தை அதற்குப் பிறகு காட்டுவேன். காலில் தைத்ததை எடுப்பதுபோலப் பாசாங்கு செய்து திரும்பிப் பார்க்கும் அந்தப் படத்தை நாட்காட்டியிலோ கடைச் சுவரிலோ பார்க்காதவர் யார்? ஆனால் அந்தப் பார்வை போய்ச் சேருகிற துஷ்யந்தன் படத்தில் இல்லை. இரண்டாம் அங்கத்தில் அவன் விதூஷகனிடம், தருப்பை காலில் குத்தியதாகச் சொல்லி அவள் நின்றாள் என்று பெருமையாக விவரிக்கிறான். ஆக, நாம் பார்க்கிறது அவள் செய்ததையா, அவன் நினைத்துக்கொண்டதையா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் பெண் பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள்.

வடமொழி நாடகாசிரியர் பாசனின் பிரதிமா நாடகத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஆனால் அதை எங்கள் ஊரில் கற்பிப்பது வேறு மாதிரி. மாமன் வீட்டிலிருந்து திரும்பி வருகிற பரதன் அயோத்திக்கு வெளியே ஒரு மண்டபத்தில் தங்குகிறான். உள்ளே சிலைகள். தெய்வங்கள் என்று கும்பிடப் போகிறவனை அங்கேயுள்ள காவலர் தடுத்து, இவை அரசர்களின் சிலைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: திலீபன், ரகு, அஜன். நான்காவது சிலையில் பரதன் தன் தகப்பனின் முகத்தைக் காண்கிறான். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் இங்கே சிலை வைப்பார்களா என்று கேட்கிறான். இல்லை, இறந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வருகிறது.

நாவலடியில் சுனாமி கொண்டுபோன குடும்பங்களின் உறவுகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். யுத்தத்தில் காணாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகளும். மாலை போட்ட படம் சுவரில் இல்லாத வீடு இங்கே குறைவு. மாலை போடாமலே வைத்திருக்கிற படங்களும் உண்டு. ஏன் போடவில்லை என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த நாடகத்துக்கு நான் யாரையும் வரையச் சொல்வதில்லை. சிலை மண்டபத்தின் தரைப்படத்தை மட்டும் கரும்பலகையில் போட்டு, பரதன் எந்த இடத்தில் நிற்கும்போது நான்காவது சிலை அவன் கண்ணில் படும் என்று கேட்பேன். காவலர் ஏன் தானாகச் சொல்லாமல் அவன் கேட்கும்வரை காத்திருக்கிறார் என்று கேட்பேன். இதைத் தாண்டிப் பேச விரும்புகிறவர் பேசலாம். சொந்தத் துயரத்தைப் பாடத்துக்காகத் தோண்டி எடுக்கச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஓவியம் நாடகத்தைக் கெடுக்கவும் செய்யும். ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டில், நாயகனின் காதலி ஒஃபீலியா நீரில் மூழ்கிச் சாவதை நாம் பார்ப்பதில்லை, அரசி வந்து சொல்லத்தான் கேட்கிறோம். ஜோன் எவரெட் மில்லே 1851–52இல் வரைந்த புகழ்பெற்ற படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்துக்கு வருகிற பிள்ளை, அரசியின் சொற்களைக் கேட்பதே இல்லை. எலிசபெத் சிடல் என்ற இளம்பெண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து வரைந்த படம் அது. கீழே வைத்த விளக்குகள் அணைந்து, குளிரில் கிடந்து அவள் நோயாளியானாள். படம் அவ்வளவு வலிமையானது. மனதில் ஒருமுறை ஒட்டினால் உரிக்க முடியாது. அதனால் வரிசை எனக்கு முக்கியம்: முதலில் பிரதி, பிறகு பிள்ளையின் சொந்தப் படம், கடைசியில்தான் பெரிய ஓவியரின் படம். அப்படி வந்தவர்கள் மில்லேயோடு வாதாடுவார்கள். அரசி சொல்கிற பூக்களின் பட்டியலோடு படத்தை ஒப்பிட்டு, சிவப்புப் பொப்பிப் பூ அங்கே இல்லையே என்று கண்டுபிடிப்பார்கள்.

ஒஃபீலியாவை மட்டக்களப்பு வாவியில், கண்டல் மர வேர்களுக்கு நடுவே வரைந்து வந்தவர்களும் உண்டு. ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் போதாது என்பது என் கருத்து. அவள் பித்துப் பிடித்து அரண்மனையில் ஆளாளுக்குப் பூவும் இலையும் கொடுக்கிறாளே, அந்த ஒவ்வொன்றும் வாங்குகிறவரைக் குத்துகிற கொடை. கண்டலுக்கு நடுவே வரைந்தவளிடம், இங்கே அவள் யாருக்கு எதைக் கொடுப்பாள் என்று கேட்டேன். அண்ணனுக்குத் துளசி, அரசிக்கு வேப்பிலை, அரசனுக்கு எருக்கலம்பூ என்றாள். எருக்கலை எதற்கு என்றேன். "பாழ்வளவிலதானே அது பூக்கும். நாட்டை அவர்தானே பாழாக்கினவர்." சரி, இனி அந்த வாவி அவளுடையது.

நேரம் எங்கே என்று கேட்கிற சக ஆசிரியர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லைத்தான். பாடத்திட்டம் பெரிது, தவணை சிறிது. வண்ணப் பிரதி எடுப்பதும் செலவு. ஒரு படத்தை ஒரு குழுவுக்கு ஒன்றாக எடுத்து, அட்டையில் ஒட்டி, வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறேன். கைபேசித் திரையைவிட அட்டைப் படம் நல்லது. நாலு தலை ஒன்றாகக் குனியும். பரீட்சையைப் பற்றி ஒன்று சொல்லலாம். ஒரு காட்சியை வரைந்த பிள்ளை அந்தக் காட்சியைப் பற்றி எழுதும்போது யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, யார் யாரைப் பார்த்தார் என்று எழுதுகிறது. மனப்பாடக் குறிப்பில் அது வராது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துத் தமிழ் வாசகருக்கு முன்னே வைத்தார். அவருக்கு மக்பெத் மகபதி. அதே நூலின் கடைசிப் பகுதியில் வடமொழித் தசரூபகத்தின் நாடக இலக்கணமும் வருகிறது. இரண்டு மரபையும் ஒரே பாயில் உட்காரவைக்கிற துணிவு எங்கள் கரையிலேயே நூறு வருடத்துக்கு முன் இருந்திருக்கிறது. அவர் சொல்லால் செய்ததன் ஓரத்தில் ஒரு கரித்துண்டை வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது வகுப்பில் சோபொக்ளிஸின் ஈடிப்பஸ் நாடகம் நடக்கிறது. மேடைக்கு ஓவியத் திரையைக் கொண்டுவந்தவர் சோபொக்ளிஸ் என்று அரிஸ்டோட்டில் சொல்கிறார். ஆனால் அந்த நாடகத்தின் ஆகக் கொடூரமான கணத்தை சோபொக்ளிஸ் கண்ணுக்குக் காட்டவில்லை. ஈடிப்பஸ் தன் மனைவி யொகாஸ்தாவின் உடுப்பிலிருந்த ஊசிகளால் தன் கண்களைக் குத்திக்கொள்வதை ஒரு தூதன் வந்து சொல்கிறான். அதற்குப் பிறகுதான் ஈடிப்பஸ் வெளியே வருகிறான். பழைய பத்திரிகைத் தாளையும் கஞ்சிப் பசையையும் வைத்துப் பிள்ளைகள் இரண்டிரண்டு முகமூடிகள் செய்கிறார்கள், அரசனாக நின்ற ஈடிப்பஸுக்கு ஒன்று, வெளியே வருகிறவனுக்கு ஒன்று. இரண்டாவது முகமூடியில் இரத்தம் பூசுவதா என்று சண்டை நடக்கிறது. ஒரு குழு வாயை மட்டும் மாற்றியிருக்கிறது, கண்ணைத் தொடவேயில்லை. காரணத்தை இன்னும் எழுதித் தரவில்லை, கேட்டால் வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்கிறார்கள்.

அடுத்த தவணை பாசனின் இன்னொரு நாடகமான ஊருபங்கத்துக்குப் போக நினைக்கிறேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் துரியோதனன் புதியவன் இல்லை. தொடை முறிந்து கிடக்கிற அவனைப் பாசன் எழுதிய விதம்தான் புதிது. அதற்கு எனக்குக் கூத்துத் துரியோதனர்களின் படங்கள் வேண்டும். முடி, மார்புக்கவசம், கரப்புடுப்பு, ஆயுதம் எல்லாம் தெரிகிற பழைய புகைப்படங்கள். மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் அண்ணாவிமார் வீடுகளிலும் கூத்தாடியவர்களின் வீடுகளிலும் நிச்சயம் இருக்கும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும், ஓரம் அரித்திருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊர், எந்தக் கூத்து, யார் கட்டிய உடுப்பு என்று மட்டும் பின்னால் எழுதிவையுங்கள். கேட்டு வாங்கி, பிரதி எடுத்து, அசலைக் கையோடு திருப்பித் தருகிறேன்.